தாண்டிய இரண்டு பக்கங்கள்

கேள்வி: நானும் என் 11 வயது மகனும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு துப்பறியும் கதை படித்து வருகிறோம். கி.பி. 79-இல், ரோமானியர் காலத்தில் நடக்கும் கதை. எஜமானர் அடுக்களை அடிமைச் சிறுவனைப் பிரம்பால் விளாசும் இடம் வந்ததும், சொல்லாமல் இரண்டு பக்கங்களைத் தாண்டிவிட்டேன். மறுநாளிலிருந்து, "கொலையைப் பார்த்த பையன் ஏன் வாயைத் திறக்கவில்லை?" என்று நச்சரிக்கிறான். "படுக்கப் போகிற நேரத்தில் கொலைக் கதையா? நம் ஊரில் கதைக்கா பஞ்சம்?" என்கிறார் என் அத்தை. என்ன செய்வது?
- ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்.

பதில்: கதையில் ஓட்டை இருப்பதை உங்கள் மகன் மோப்பம் பிடித்துவிட்டான். போட்டது யார் என்பதுதான் அவனுக்கு இன்னும் தெரியவில்லை.

ரோமானிய நீதிமன்றங்களில் அடிமையின் சாட்சியத்தைச் சித்திரவதை செய்து வாங்கினால்தான் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள். உண்மையைச் சொல்ல முன்வந்தாலும் அடிதான். இது தெரியாதவனுக்கு அந்தப் பையனின் மௌனம் எப்படிப் புரியும்? விருந்தில் பரிமாறுகிறவனை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை; அதனாலேயே அவன் கண்ணில் எல்லாம் பட்டுவிடுகிறது. அந்தக் காலத்துத் துப்பறியும் கதையில் அடிமைகளைத் தாண்டினால் துப்பையும் தாண்டிவிடுவோம். அடியின் விவரம் கடுமையாக இருந்தால் குரலைத் தணித்து வேகமாகப் படித்துவிட்டுப் போங்கள். நடந்ததை மறைக்க வேண்டாம். "இது அநியாயம் இல்லையா?" என்று அவனே கேட்பான். அதற்குள் நீங்கள் முந்திக்கொண்டு பிரசங்கத்தை ஆரம்பித்துவிடாதீர்கள்.

உங்கள் அத்தை கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தக் கதை அப்படியொன்றும் அந்நியமானது இல்லை. அடுத்த முறை ஏற்காடு போகும்போது, காபித் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருக்கும் மிளகுக் கொடியைப் பையனுக்குக் காட்டுங்கள். காவலாளியிடம் கேட்டுவிட்டு, பச்சை மணி ஒன்றை நசுக்கி முகரச் சொல்லுங்கள். நம் மேற்குக் கரை மிளகுக்காகத்தான் ரோமானியக் கப்பல்கள் சேர நாட்டு முசிறித் துறைமுகத்துக்கு வந்தன. பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் யவனர் கலங்களை அகநானூற்றின் 149-ஆம் பாட்டு காட்டுகிறது. இந்தியா ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் காசை உறிஞ்சிவிடுகிறது என்று ரோமானியர் ஒருவர் புலம்பி எழுதினார். மூத்த பிளினி என்று பெயர். அதே 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது, மக்களை மீட்கக் கப்பலில் போனவர் உயிரோடு திரும்பவில்லை. அத்தை ரசத்துக்கு மிளகு தட்டும்போது இதைப் பேரனே சொல்லட்டும்.

கொலை வேண்டாம் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், கொலையில்லாத மர்மம் ஒன்றும் அதே வருஷத்தில் உண்டு. எரிமலை வெடித்தது எந்த மாதம்? பிளினியின் சகோதரி மகன் எழுதிய கடிதத்தின் பழைய பிரதியை நம்பி, ஆகஸ்ட் 24 என்றுதான் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். ஆனால் சாம்பலுக்கு அடியில் மாதுளை முதலான இலையுதிர் காலத்துப் பழங்கள் கிடைத்தன. 2018-இல், அந்தச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரத்தில் ஒரு வீட்டுச் சுவரில் கரியால் கிறுக்கிய வரி வெளிப்பட்டது. அதிலிருந்த தேதி அக்டோபர் 17, வருஷம் இல்லை. கரிக் கிறுக்கல் நெடுநாள் நிற்காது, ஆகவே அது அந்த வருஷத்ததாகத்தான் இருக்கும், எரிமலை அதற்குப் பிறகுதான் வெடித்திருக்கும் என்பது அதைக் கண்டெடுத்த ஆய்வாளர்கள் வாதம்.

இதை அப்படியே அஸ்தம்பட்டிக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் வீடு சாம்பலில் மூடிப்போய் 2,000 வருஷம் கழித்துத் தோண்டுகிறார்கள். குப்பைக் கூடையில் மல்கோவா கொட்டை, மேசையில் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா நோட்டீஸ். எந்த மாதம்? நோட்டீஸ் போன வருஷத்ததாக இருந்தால்? பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள், அவனும் அத்தையும் மல்லுக்கட்டட்டும்.

அது நாளைக்கு. இன்றிரவு, "நான்தான் தாண்டினேன்" என்று ஒப்புக்கொண்டு, அந்த இரண்டு பக்கங்களைப் படித்துவிடுங்கள்.