பெரியாறு ஏரியைச் சுற்றி நடக்க முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் மதுரையைச் சேர்ந்த எட்டு நண்பர்கள். தேக்கடியில் பெரியாறு நீர்த்தேக்கத்தைச் சுற்றி நான்கு நாட்கள் முதுகுப்பையுடன் நடந்து, கரையில் கூடாரம் போட்டுத் தங்க விரும்புகிறோம். குமுளியில் அறிமுகமான ஒருவர் வனத்துறை அனுமதியைத் தானே வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கிடைக்காவிட்டால் ஐயப்ப சீசனில் மாலை போட்டு, சத்திரம் வழியாகக் காட்டுக்குள் போய்விடலாமாம். முல்லைப்பெரியாறு அணையையும் காட்டுவாராம். ரூ.10,000 முன்பணம் அனுப்பிவிட்டோம். மீதியையும் கேட்கிறார். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். அவர் விற்கும் பயணம் என்று ஒன்று கிடையாது. பெரியாறு ஏரியைச் சுற்றிப் பொதுமக்கள் நடக்க அனுமதிக்கப்பட்ட பாதை எதுவும் இல்லை. நான்கு நாட்களுக்கும் இல்லை, நாற்பது நாட்களுக்கும் இல்லை.

முதலில் ஏரியைப் புரிந்துகொள்ளுங்கள். வரைபடத்தில் 26 சதுர கிலோமீட்டர் என்று பார்த்ததும் சின்ன ஏரிதானே என்று தோன்றும். 1895-இல் அணை கட்டி முடிந்தபோது ஒரு மலைப்பள்ளத்தாக்கும் அதன் கிளை ஓடைகளும் மொத்தமாக நீருக்குள் போயின. அதனால் ஏரி விரல்களை விரித்து வைத்த கை போலக் கிடக்கிறது. எதிர்க்கரை கூப்பிடு தூரத்தில்தான் தெரியும், ஆனால் அங்கே போக ஒரு விரலை முழுக்கச் சுற்ற வேண்டும். கரையும் நிலையாக இருப்பதில்லை. உச்ச நீதிமன்றம் 2014-இல் அனுமதித்த 142 அடிக்கும், தமிழகம் தண்ணீர் எடுக்க முடிகிற 104 அடிக்கும் இடையில் நீர்மட்டம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். யாரோ கைபேசியில் பதிவு செய்து அனுப்பிய தடத்தை நம்பிப் போனால், அவர் நடந்த புல்வெளியில் உங்களுக்குக் கழுத்தளவு தண்ணீர் நிற்கலாம். கோடையில் வெளிப்படும் அந்தப் புல்வெளிக்குத்தான் யானையும் காட்டெருமையும் மாலையில் இறங்கி வரும். கூடாரம் போட இதைவிட மோசமான இடம் அந்தக் காட்டில் கிடையாது.

சட்டம் இன்னும் எளிது. இது புலிகள் காப்பகம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றி உள்ளே நுழைவதே குற்றம். காப்பகத்தின் மையப்பகுதி தொடர்பான குற்றம் நிரூபணமானால் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாத சிறை என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. பிடிபட்டால் வழக்கு உங்கள் எட்டுப் பேர் மீதுதான் பதிவாகும். அழைத்துப்போனவர் அந்நேரம் அங்கே இருக்கமாட்டார்.

இப்போது மாலை போடும் யோசனைக்கு வருகிறேன். படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. வண்டிப்பெரியாறிலிருந்து சத்திரம் போய், அங்கிருந்து உப்புப்பாறை, புல்மேடு வழியாகச் சன்னிதானத்துக்கு இறங்கும் காட்டுப்பாதை உண்மையானது. அது காப்பகத்துக்குள்ளேயே போவதும் உண்மை. ஆனால் அது பக்தர்களுக்காக, மண்டல, மகரவிளக்குக் காலத்தில், பகலில் மட்டும், அந்த ஒரே தடத்துக்கு அளிக்கப்படும் விலக்கு. காலையில் சத்திரத்தில் ஆட்களைக் கணக்கெடுத்து அனுப்புவார்கள், குறித்த நேரத்துக்குப் பிறகு வருபவரைத் திருப்பி அனுப்புவார்கள். இருட்டுவதற்குள் எல்லோரும் காட்டைக் கடந்துவிட வேண்டும் என்பதுதான் நோக்கம். வழியில் கூடாரம் கிடையாது. ஏரிப்பக்கம் பத்தடி விலகினாலும் நீங்கள் பக்தர் இல்லை, அத்துமீறி நுழைந்தவர்தான். அந்தக் கணக்கில் எட்டுப் பேர் குறைந்தால், இரவில் யானைக் காட்டுக்குள் உங்களைத் தேடிக்கொண்டு காவலர்கள் அலைய வேண்டும். 2011 ஜனவரி 14 அன்று புல்மேட்டு நெரிசலில் நூற்றுக்கும் மேற்பட்ட பக்தர்கள் உயிரிழந்தார்கள். அந்தப் பாதையை யாரும் பின்வாசலாகப் பயன்படுத்தக் கூடாது. சித்திரை பௌர்ணமியில் இதே காட்டில் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு மக்கள் போவதும் இதே வகைதான். ஆண்டில் ஒரு நாள், இரு மாநில அதிகாரிகளும் கூடிப் பேசிச் செய்யும் ஏற்பாடு. அதைக் காட்டி மற்ற 364 நாட்களுக்கும் உரிமை கேட்க முடியாது.

அணையைக் காட்டுவது சுத்தப் பொய். இரு மாநில வழக்கில் சிக்கிய, போலீஸ் காவலில் இருக்கும் இடம் அது. அணையைக் கட்டிய பென்னிகுவிக் மீது மதிப்பிருந்தால் லோயர் கேம்ப்பில் அவருக்கு 2013-இல் திறக்கப்பட்ட மணிமண்டபம் இருக்கிறது. பஸ்ஸிலேயே போகலாம்.

உங்களுக்கு உண்மையில் கிடைக்கக்கூடியது, பெரியாறு புலிகள் காப்பகமே நடத்தும் ‘டைகர் டிரெயில்’. ஓர் இரவு அல்லது இரண்டு இரவுகள் காட்டுக்குள் தங்கி, இருபது முதல் முப்பத்தைந்து கிலோமீட்டர் வரை நடக்கலாம். வழிகாட்டுபவர்கள் முன்பு வேட்டையும் வயனைப் பட்டை எனப்படும் காட்டு இலவங்கப் பட்டைத் திருட்டும் செய்து, பிறகு காப்பகத்தோடு சேர்ந்து சூழல் மேம்பாட்டுக் குழு அமைத்தவர்கள். காட்டை அவர்கள் அளவுக்கு அறிந்த அதிகாரியை நான் பார்த்ததில்லை. ஆயுதம் ஏந்திய வனக்காவலரும் கூட வருவார். ஒரு குழுவில் ஐந்தாறு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்பதால், எட்டுப் பேரும் இரண்டாகப் பிரிய வேண்டியிருக்கும். அதற்கு இப்போதே மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

பதிவு செய்வதில்தான் பொறுமை வேண்டும். நம் நாட்டில் எந்தக் காட்டு நடைக்கும் இதே கதை. போன் செய்தால் எடுக்க ஆளிருக்காது. எடுத்தால் இணையத்தில் பாருங்கள் என்பார்கள். இணையத்தில் பணம் கட்டும் பக்கம் பாதியில் நின்றுவிடும். நேரில் போனால் மழை என்றோ தீ அபாயம் என்றோ நடை நிறுத்தப்பட்டிருக்கும், அதை ஒரு வரியாக அறிவிக்க யாருக்கும் தோன்றியிருக்காது. உங்கள் குமுளி நண்பரைப் போன்றவர்கள் பிழைப்பது இந்த இடைவெளியில்தான். அவர்களில் சற்று நாணயமானவர்கள் இதே அரசு நடையைப் பதிவு செய்து, மேலே இன்னொரு பங்கு வைத்து விற்பார்கள். மற்றவர்கள் காப்பக எல்லையை ஒட்டிய ஏலத்தோட்டத்தில் கூடாரம் போட்டுக்கொடுத்து, தூரத்தில் மினுங்கும் தண்ணீரைக் காட்டி, இதுதான் பெரியாறு என்பார்கள். ‘ரேஞ்சர் நம்ம சொந்தக்காரர்’ என்ற சொல் காதில் விழுந்தால் எழுந்து வந்துவிடுங்கள். உண்மையான அனுமதிச்சீட்டில் தேதி, நிகழ்ச்சியின் பெயர், வருபவர்களின் விவரம் எல்லாம் இருக்கும். பணம் காப்பகத்தின் கணக்குக்குப் போகுமே தவிர, தனியார் ஒருவரின் கைபேசி எண்ணுக்குப் போகாது.

தமிழகப் பக்கம் மேகமலை வழியாகப் போகலாமே என்று அடுத்து யாராவது சொல்வார்கள். அதுவும் 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் 20-க்கும் மேற்பட்டோர் பலியான பிறகு இங்கே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழக அரசு நாற்பது தடங்களை இணையப் பதிவுக்குத் திறந்தது. தேனி மாவட்டத்திலும் தடங்கள் உண்டு. அவை போன அன்றே திரும்பும் நடைகள். இதுவரை நீண்ட தூரம் நடந்ததில்லை என்றால், முதலில் இவற்றில் ஒன்றில் எட்டுப் பேரும் நடந்து பாருங்கள். யாருக்கு முட்டி வலிக்கிறது, யார் பாதி வழியில் முகம் தூக்குகிறார் என்பது தெரிந்துவிடும்.

காலம்: ஜனவரி 20-க்குப் பிறகு, பிப்ரவரி முதல் வாரத்துக்குள். அதற்கு முன் குமுளியில் ஐயப்ப சீசன் கூட்டம், அறை கிடைக்காது. அதற்குப் பின் தீக்காலம். ஜூனில் போனால் அட்டைகளுக்கு விருந்தாவீர்கள்.

கூடாரமும் படுக்கைப் பையும் காப்பகத்திலேயே தருவார்கள், கடைக்காரர் பேச்சைக் கேட்டு வாங்கிவிடாதீர்கள். ஒரு மாதமாவது போட்டுப் பழகிய காலணி, அட்டை கடிக்காமல் காக்கும் முழங்கால் உயரக் காலுறை, மங்கிய பச்சை அல்லது காக்கி உடை, இரவுக்கு ஒரு ஸ்வெட்டர், வழக்கமான மாத்திரைகள் போதும். சென்ட் வேண்டாம். மது வேண்டவே வேண்டாம்.

கொடுத்த பத்தாயிரத்துக்கு வருவோம். அனுமதி தன் பொறுப்பு என்று அவர் அனுப்பிய செய்திகளையும் பணம் அனுப்பிய ரசீதையும் முதலில் சேமித்துவிடுங்கள். பிறகு, ‘அனுமதிச்சீட்டின் நகலை அனுப்புங்கள், காப்பக அலுவலகத்தில் காட்டிச் சரிபார்த்துவிட்டு மீதியைத் தருகிறோம்’ என்று மட்டும் எழுதுங்கள். பெரும்பாலும் அதிலேயே பணம் திரும்பி வரும், அலுவலகம் வரை விஷயம் போவதை இவர்கள் விரும்புவதில்லை. பதிலே வராவிட்டால் தாமதிக்காமல் இணைய நிதி மோசடிக்கான 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் பதியுங்கள். நாளாக ஆக, அந்தக் கணக்கில் முடக்குவதற்குப் பணம் மிஞ்சியிருக்காது.