பற்றுச்சீட்டைக் கடையிலேயே காட்டுங்கள்

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில் மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறோம். பதினைந்து ஆண்டுப் பழைய குளிர்பதனப் பெட்டி இரவெல்லாம் உறுமுகிறது. புதியதை வாங்கிவிட்டுப் பிறகு, மின்சிக்கனச் சாதனங்கள் வாங்க அரசாங்கம் தரும் பருவநிலைப் பற்றுச்சீட்டில் பணத்தைத் திரும்பப் பெறலாமா? – ஒரு வாசகி

பதில்: அப்படிச் செய்துவிடாதீர்கள், அம்மா! பணம் கட்டும்போதே, திட்டத்தில் சேர்ந்த கடையில், கைப்பேசியில் பற்றுச்சீட்டைக் காட்ட வேண்டும். சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னிலக்க அடையாளக் கணக்கின் வழியாக வீட்டில் ஒருவர் அதைப் பெற்றுக்கொண்டால் போதும். வீவக குடும்பங்களுக்கு 2024 ஏப்ரலில் 300 வெள்ளி வந்தது. 2025 ஏப்ரலில் இன்னும் 100. 2027 டிசம்பர் 31 வரை செல்லும்.

குளிர்பதனப் பெட்டிக்குக் குறைந்தது மூன்று டிக் (மின்சிக்கனத்தைக் காட்டும் தரக்குறி) வேண்டும். விற்பனையாளர் சொல்லை நம்பாமல், கதவில் ஒட்டிய வில்லையில் டிக்குகளை நீங்களே எண்ணுங்கள். அதே வில்லையில் ஆண்டு மின்செலவும் இருக்கும். நான் விலையைவிட அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

இன்றிரவு ஒன்று செய்யுங்கள். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் பட்டை தளர்ந்துவிட்டது. என் வீட்டுப் பெட்டியிலும் இப்படித்தான் குளிர் கசிந்துகொண்டிருந்தது; பட்டையின் கீழ்மூலையில் வெடிப்பு, அதில் கறுப்பாகப் பூஞ்சை. மாற்றும் வரை ஈரத்துணியால் துடைத்து வையுங்கள். பெட்டியைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளியும் வையுங்கள், உறுமல் கொஞ்சம் அடங்கக்கூடும்.