ஆப்பிரிக்க யானை உயிரியல் பூங்காவில் கன்று ஈனுவது: கேள்வி பதில்

யானை இனப்பெருக்கத்தில் பழுத்த அனுபவமுள்ள கால்நடை மருத்துவர் ஒருவர், வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

டாக்டர், ஆண் ஒன்று, பெண் ஒன்று என்று ஒரே இடத்தில் விட்டால் தானாகக் கன்று பிறக்காதா?

பிறக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். டெல்லி பூங்காவுக்கு 1998இல் ஜிம்பாப்வேயிலிருந்து ஒரு ஜோடி வந்தது. பெண் சில ஆண்டுகளிலேயே இறந்துவிட்டது. சங்கர் என்ற அந்த ஆண் இருபது ஆண்டுக்கு மேல் தன் இனத் துணை இல்லாமலே நின்று, 2025 செப்டம்பரில் இறந்தது. ஜோடிக் கணக்கு கிளிக்கும் புறாவுக்கும் சரி. யானைக்கு வேண்டியது குடும்பம்: பாட்டி, அம்மா, சித்தி, மகள் என்று பெண்கள் ஒன்றாக வாழும் கூட்டம். இன்னொரு பெண் ஈனுவதையும் பால் கொடுப்பதையும் பார்க்காமலே வளர்ந்த பெண் யானை, தன் வயிற்றிலிருந்து விழுந்த கன்றைக் கண்டே மிரண்டு மிதித்துவிடும். இனப்பெருக்கத் திட்டத்தை ஆண் யானையை வரவழைப்பதில் தொடங்காதீர்கள். பெண்கள் கூட்டம் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

முதுமலை முகாமில் யானைகள் சர்வசாதாரணமாக ஈனுகின்றனவே. வெளிநாட்டுப் பூங்காக்களில் மட்டும் ஏன் இவ்வளவு பாடு?

அவை ஆசிய யானைகள், வேறு இனம். அதைவிட, நம் முகாம்களில் வேலை முடிந்ததும் யானையைக் காட்டில் மேய விடும் வழக்கம் உண்டு. அங்கே காட்டு ஆண் வந்து சேரும். எந்தப் பெண்ணுக்கு எப்போது பருவம் என்பதை அந்த ஆணே கண்டுபிடித்துவிடும். பூங்காவில் அந்த வேலையை ஆய்வகம் செய்ய வேண்டியிருக்கிறது.

பருவத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? மாடு போலக் கத்துமா, வழும்பு தெரியுமா?

நம் கண்ணுக்கு நம்பகமான அடையாளம் எதுவும் கிடையாது. ஆண் யானை, பெண்ணின் சிறுநீரைத் தும்பிக்கை நுனியால் தொட்டு மேல் அண்ணத்தில் வைத்துப் பார்க்கும். நமக்கு இரத்தப் பரிசோதனைதான் வழி.

வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில், காதின் பின்பக்க நரம்பிலிருந்து இரத்தம் எடுக்க வேண்டும். கம்பித் தடுப்பில் உள்ள சிறு சாளரத்துக்கு வெளியே யானையே காதை நீட்டி நிற்கும்படி பழக்குவார்கள். பராமரிப்பாளர் தடுப்புக்கு இந்தப் பக்கம், யானை அந்தப் பக்கம். அடித்து நிறுத்திவைத்து இரத்தம் எடுத்தால் நாலாவது வாரம் அது அந்தப் பக்கமே வராது.

எடுத்த இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவைப் பார்க்கிறோம். ஒரு பருவச் சுழற்சி 13 முதல் 17 வாரம் வரை போகும். அதில் பாதிக்கு மேற்பட்ட காலம் புரோஜெஸ்டிரோன் ஏறி நிற்கும். பிறகு அடிமட்டத்துக்கு இறங்கி 4 முதல் 6 வாரம் அப்படியே கிடக்கும். கருமுட்டை வெளிவருவது இந்தத் தாழ்ந்த காலத்தின் கடைசியில். ஆண்டுக்கு மூன்று, மிஞ்சினால் நான்கு வாய்ப்பு. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நாலு மாதம் காத்திருக்க வேண்டும்.

இதில் யானைக்கே உரிய ஒரு வசதி உண்டு. முட்டையை வெளிவிடச் செய்யும் எல்.எச். ஹார்மோன் யானையில் இரண்டு முறை பொங்கும். முதல் பொங்கலில் முட்டை வராது. சுமார் மூன்று வாரம் கழித்து வரும் இரண்டாவதில்தான் வரும். முதல் பொங்கலைப் பிடித்துவிட்டால் ஏறக்குறைய 20 நாள் முன்கூட்டியே தேதி தெரிந்துவிடும். ஆண் யானையை அழைத்து வரலாம், விந்துக்கும் மருத்துவக் குழுவுக்கும் ஏற்பாடு செய்யலாம். ஆனால் அந்தப் பொங்கல் ஒரு நாள் அளவே நிற்கும். அதனால் புரோஜெஸ்டிரோன் இறங்கியது தெரிந்த நாளிலிருந்து தினமும் இரத்தம் எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆளில்லை என்று விட்டால், பொங்கல் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து போயிருக்கும். நான்கு மாத உழைப்பு பெரும்பாலும் வீணாவது இந்த இடத்தில்தான்.

மதம் பிடித்த ஆண்தான் சேருமா?

இல்லை. மதம் இல்லாத காலத்திலும் ஆணுக்கு விந்து உண்டு, சேரவும் செய்யும். காட்டில் மதத்தில் இருக்கும் பெரிய ஆணுக்கே முன்னுரிமை கிடைக்கிறது. போட்டி இல்லாத பூங்காவில் பத்து வயதை ஒட்டிய இளம் ஆண்களும் தகப்பனாகியிருக்கின்றன. (ஆணைக் கொம்பன் என்று நான் எழுதாததற்குக் காரணம், ஆப்பிரிக்க யானையில் பெண்ணுக்கும் தந்தம் உண்டு.)

மாட்டுக்குச் சினை ஊசி போடுவது போல யானைக்கும் போடலாமா? கால்நடை மருத்துவ மாணவன் நான்; செய்முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

போடலாம், தம்பி. ஆனால் மாட்டுக்கு விந்து செலுத்தும் துப்பாக்கி போன்ற குழலும் கையுறையும் இங்கே உதவாது. பெண் யானையின் பிறப்புறுப்பு வாலுக்குக் கீழே திறப்பதில்லை. பின்னங்கால்களுக்கு நடுவே வயிற்றுப் பக்கம் திறக்கிறது. அங்கிருந்து யோனி வாய் வரை ஒரு மீட்டருக்கு மேல் நீளமான பாதை, அதுவும் வளைந்து மேலே ஏறுகிறது. கன்று ஈனாத பெண்ணில் யோனி வாயை ஒரு சவ்வு மூடியிருக்கும். நடுவில் சிறு துளைதான். இணை சேர்ந்தாலும் அது கிழியாது, முதல் ஈற்றில்தான் கிழியும். சிறுநீர்ப்பைக்குப் போகும் வழியும் பக்கத்திலேயே இருப்பதால் தடம் மாறுவது சுலபம்.

இதற்கு பெர்லினிலுள்ள லைப்னிட்ஸ் உயிரியல் பூங்கா, வனவிலங்கு ஆய்வு நிறுவனத்தின் குழு ஒரு முறையை உருவாக்கியது. யானை நின்றபடியே இருக்கும். ஒருவர் மலக்குடல் வழியாக அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துப் பாதையைத் திரையில் காட்டுவார். இன்னொருவர் கீழிருந்து எண்டோஸ்கோப்பை (கேமரா பொருத்திய குழாயை) செலுத்தித் துளையைக் கண்டு, அதன் வழியே மெல்லிய குழாயைக் கருப்பை வாய் அருகே கொண்டுபோய் விந்தை விடுவார். முட்டை வரும் நாளை ஒட்டி, அடுத்தடுத்த நாள்களில் திரும்பச் செய்வது வழக்கம். இப்படிக் கருத்தரித்துப் பிறந்த முதல் ஆப்பிரிக்க யானைக் கன்று அமாலி, 2000 மார்ச்சில், அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் பூங்காவில்.

தோற்பது பெரும்பாலும் விந்தில். ஆணுக்கு மலக்குடல் வழியே கையால் நீவி எடுக்கிறார்கள். சிறுநீர் கலந்துவிட்டால் அந்த விந்து போயிற்று. ஒரே ஆண் திங்களன்று நல்ல விந்தும் புதனன்று ஓட்டமே இல்லாத விந்தும் தரும். அதனால் ஒரே ஆணை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்று பூங்காக்களில் ஆண்களைத் தயாராக வைத்திருப்பார்கள். எடுத்ததை உடனே நுண்ணோக்கியில் பார்த்து, குளிர்வித்து, அன்றோ மறுநாளோ பயன்படுத்திவிட வேண்டும்.

எங்களூர்ப் பூங்காவில் 30 வயதுப் பெண் யானைக்குச் சுழற்சியே நின்றுவிட்டதாம். மருந்து உண்டா?

புரோஜெஸ்டிரோன் கோடு படுத்தே கிடக்கும் இந்த நிலை ஆப்பிரிக்கப் பெண் யானைகளில் அதிகம். பலவற்றில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடியிருக்கும். அதைக் குறைக்க காபர்கோலின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஹார்மோன் இறங்கும், ஆனால் சுழற்சி திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. உண்மையான மருந்து இளமையிலேயே ஈன விடுவதுதான். காட்டில் பெண் யானை வாழ்நாளில் பெரும்பகுதியைச் சினையிலும் பாலூட்டலிலும் கழிக்கிறது. பூங்காவில் இருபது ஆண்டு வெறுமனே சுழற்சி ஓடினால் கருப்பையில் நீர்க்கட்டிகள் வருகின்றன. இளம் பெண் கையில் இருக்கும்போது “அடுத்த ஆண்டு பார்க்கலாம்” என்று தள்ளிப்போடுவது அதற்குச் செய்யும் பெரிய அநியாயம்.

சினை நின்றதா என்று எப்போது தெரியும்?

இறங்க வேண்டிய வாரத்தில் புரோஜெஸ்டிரோன் இறங்காவிட்டால் நல்ல செய்தி. இரண்டு மாத வாக்கில் ஸ்கேனில் பார்க்கலாம். ஐந்தாறு மாதத்தில் புரோலாக்டின் ஏறினால் உறுதி. மொத்தம் 22 மாதம்.

ஈற்று நாளை எப்படிக் கணிப்பது? அன்று என்ன தயாராக இருக்க வேண்டும்?

20ஆவது மாதம் முடிந்ததும் தினசரி இரத்தம். புரோஜெஸ்டிரோன் அடிமட்டத்துக்கு விழுந்தால் பெரும்பாலும் 2 முதல் 5 நாளில் கன்று. வலி வந்ததும் யானை நிலைகொள்ளாது. பின்னங்காலை அகற்றி வைத்து உட்காரப்போவது போலக் குனியும், வாலைத் தூக்கும். வாலுக்கு நேர் கீழே தோல் பலாப்பழம் போலப் புடைத்து வருவதைப் பார்க்கலாம். கன்று இடுப்பெலும்பைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். பிறகு அந்தப் புடைப்பு கீழ்நோக்கி நகரும்.

தரையில் மணல் தடிமனாக இருக்க வேண்டும். சிமெண்டுத் தரையில் பனிக்குட நீர் கொட்டினால் 100 கிலோக் கன்றும் வழுக்கும், தாயும் வழுக்கும். முதல் ஈற்றானால், அனுபவமுள்ள பெண் யானை கூடவோ அடுத்த தடுப்பிலோ நிற்பது நல்லது. தாய் கன்றை உதைத்தால் கன்றைக் கயிறு கட்டி அப்பால் இழுத்து, துடைத்து, தாய் அடங்கியதும் திரும்பக் காட்ட வேண்டும்.

வலி ஓய்ந்துபோனால் முதலில் இரத்தத்தில் கால்சியம் பாருங்கள். வலியைத் தூண்டும் ஆக்ஸிடோசின் ஊசியை அவசரத்தில் போடாதீர்கள். கருப்பை வாய் திறக்காத நிலையில் போட்டால் கருப்பை கிழியும். யானைக்கு வயிற்றைக் கிழித்துக் கன்றை எடுத்துத் தாயைப் பிழைக்க வைக்க முடியாது. அதனால்தான் சினைக் காலம் முழுக்க நடக்க வைப்பதும் எடையைக் கட்டுப்படுத்துவதும் இவ்வளவு முக்கியம்.

தாய் பால் கொடுக்காவிட்டால் பசும்பால் கொடுக்கலாமா?

வேண்டாம், பசும்பால் கொழுப்பு யானைக் கன்றுக்குச் செரிக்காது, கழிந்தே செத்துவிடும். யானைப் பாலின் கொழுப்புக்கு நெருக்கமானது தேங்காய் எண்ணெய். கென்யாவில் அனாதைக் கன்றுகளை வளர்த்த டாஃப்னி ஷெல்ட்ரிக் அதைச் சேர்த்த பிறகுதான் பால்குடிக் கன்றுகள் பிழைத்தன. ஆனால் புட்டிக்கு ஓடும் முன் ஒரு நாளாவது முயலுங்கள்: தாயின் முலை முன்னங்கால்களுக்கு நடுவே இருக்கிறது, கன்று எட்டாமல் பின்பக்கமே தேடிக்கொண்டிருக்கும். ஒரு மரப்பலகை போட்டு உயர்த்திவிட்டாலே சில கன்றுகள் பிடித்துக்கொள்ளும். சீம்பாலைக் கறந்தாவது கொடுத்துவிடுங்கள்.

ஹெர்பீஸ் வைரஸ் ஆசிய யானைக் கன்றுகளுக்குத்தானே ஆபத்து?

ஆசியக் கன்றுகளைத்தான் அதிகம் கொல்கிறது. ஆனால் 2019 மார்ச்சில் இண்டியானாபொலிஸில் ஆறு வயதும் எட்டு வயதுமான இரண்டு ஆப்பிரிக்க யானைகள் ஒரு வார இடைவெளியில் இறந்தன. கன்றுக்கும் இளசுக்கும் தவறாமல் இரத்தம் எடுத்து வைரஸ் பாருங்கள். சோர்வு, நாக்கு நீலம் பாய்வது, தலை வீக்கம் எல்லாம் தெரியும்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். நோயுற்ற கன்றுக்கு ஏற்றுவதற்காக, பெரிய யானையின் பிளாஸ்மாவை (இரத்தத்தின் திரவப் பகுதியை) முன்பே எடுத்து உறைய வைத்திருங்கள். ஆசிய, ஆப்பிரிக்க யானைகளை ஒரே கொட்டகையில் வைக்காதீர்கள்.

இரண்டு இனமும் கலக்குமா?

ஒரே ஒரு முறை. 1978 ஜூலையில் இங்கிலாந்தின் செஸ்டர் பூங்காவில் ஆசியத் தாய்க்கும் ஆப்பிரிக்கத் தகப்பனுக்கும் மாட்டி என்ற கன்று பிறந்தது. இரண்டு வாரம்கூட உயிரோடில்லை.

காட்டிலிருந்து பிடித்து வந்தால் இத்தனை சிரமம் இல்லையே?

2003இல் ஸ்வாசிலாந்திலிருந்து 11 யானைகளை சான் டியாகோவுக்கும் டாம்பாவுக்கும், 2016இல் 17ஐ டாலஸ், விச்சிட்டா, ஒமாஹா பூங்காக்களுக்கும் கொண்டுபோனார்கள். 2019இல் சைட்டீஸ் (அழிவாய்ப்புள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் ஒப்பந்தம்) மாநாடு அந்த வழியைப் பெருமளவு அடைத்துவிட்டது. என் கருத்தில் அது சரியான முடிவு. குடும்பத்தைப் பிரித்து எடுத்துவந்து குடும்பம் உண்டாக்க முடியாது.

புது இரத்தத்துக்கு வேறு வழி இருக்கிறது. தென்னாப்பிரிக்கக் காட்டு ஆணிடமிருந்து எடுத்து உறைய வைத்த விந்தில், 2013 செப்டம்பரில் வியன்னாவின் ஷோன்புரூன் பூங்காவில் டோங்கா என்ற தாய்க்கு இக்வா என்ற பெண் கன்று பிறந்தது. அந்த ஆண் தன் காட்டிலேயே இருந்தது.

பிறப்பது ஆண் கன்றானால்?

பாதிக்குப் பாதி அதற்கு வாய்ப்பு உண்டு. பத்துப் பதினைந்து வயதில் தாய்க்கூட்டம் அதைத் துரத்தும். அப்போது போய்ச்சேர வேறு ஆண்கள் உள்ள இடம், மதக்காலத்தைத் தாங்கும் தடுப்பு, கூர்ந்து பழக்கும் ஆட்கள் வேண்டும். கன்று பிறந்த பிறகு இதை யோசிப்பவர்கள் அதை வாழ்நாள் முழுக்கத் தனிக் கொட்டகையில் நிறுத்துகிறார்கள். பெண் யானைக்கு விந்து செலுத்தும் முன்பே அந்த இடத்தைக் கட்டி முடித்திருங்கள்.