தாத்தாவின் ஐ.பி.சி. புத்தகத்தை எடைக்குப் போடலாமா?

கேள்வி: சட்டக் கல்லூரி மூன்றாம் ஆண்டு மாணவி நான். வக்கீலாக இருந்த தாத்தாவின் ரத்தன்லால் - தீரஜ்லால் எழுதிய ஐ.பி.சி. (இந்திய தண்டனைச் சட்டம்) விளக்கவுரை வீட்டில் இருக்கிறது. "சட்டமே மாறிப்போச்சு, எடைக்குப் போடு" என்கிறார் அம்மா. அடுத்த மாதம் மூட் கோர்ட்டில் (மாணவர்களின் மாதிரி நீதிமன்றம்) ஒரு கொலை வழக்கு வாதாட வேண்டும். அந்தப் புத்தகம் உதவுமா ஐயா?
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: போட்டுவிடாதேம்மா. ஐ.பி.சி.க்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதுச் சட்டம் 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்தது. அதற்கு முன் நடந்த குற்றங்களுக்கு இன்னும் ஐ.பி.சி.தான். அன்று முதல் நடந்தவற்றுக்கும் அந்தப் புத்தகம் பாதி வழி கூட்டிப்போகும்.

எது கொலை என்று சொல்லும் ஐ.பி.சி. 300-ஆம் பிரிவு, பாரதிய நியாய சன்ஹிதாவில் 101 ஆகியிருக்கிறது. வாசகம் பெரும்பாலும் பழையதுதான். தாத்தா புத்தகத்தில் 300-க்குக் கீழே விர்சா சிங் என்ற 1958 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நிச்சயம் இருக்கும். வயிற்றில் ஒரே ஒரு ஈட்டிக் குத்து. குத்தியவன் அந்தக் காயத்தை வேண்டுமென்றே ஏற்படுத்தினானா, அது இயல்பாகவே சாவுக்குப் போதுமான காயமா என்று பார்த்தால் போதும். அப்படிப்பட்ட காயம் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்றார் நீதிபதி விவியன் போஸ். இப்போதைய 101(சி)-க்கும் இது பொருந்தும். விளக்கவுரையில் இதைச் சில வரிகளில் முடித்திருப்பார்கள். அந்த வரிகளோடு கோர்ட்டுக்குப் போய்விடாதே.

நான் போனேன். ஜூனியராக இருந்த காலம். விளக்கவுரையிலிருந்து ஒரு பத்தியை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி, "தீர்ப்பு எங்கே?" என்றார். "அடிக்குறிப்பில் இருக்கிறது, மை லார்ட்" என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மத்தியானம் பார் அசோசியேஷன் நூலகத்தில் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தால், நான் முழங்கிய பத்தி மாறுபட்ட தீர்ப்பு எழுதிய ஒற்றை நீதிபதியுடையது! பெரும்பான்மைத் தீர்ப்பு நேர் எதிர். தீர்ப்புக்கு மேலே சுருக்கமாகப் போடும் ஹெட்நோட்டும் இப்படிக் காலை வாரும். அதைத் தயாரிப்பவர் ரிப்போர்ட்டின் ஆசிரியர், நீதிபதி அல்ல.

ஆகவே விளக்கவுரையில் அடிக்குறிப்பைப் பிடி, தீர்ப்பை முழுசாகப் படி, அது பிற்பாடு மாற்றப்பட்டிருக்கிறதா என்று பார். உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்.சி.ஆர். தளத்தில் காசு கொடுக்காமலே படிக்கலாம். எங்கள் காலத்தில் அதற்கு சீனியரின் அலமாரிச் சாவி வேண்டும்.

அப்புறம், புதுச் சட்டத்தின் பேர் ஆக்ட் (விளக்கவுரை இல்லாமல் சட்ட வாசகம் மட்டும் உள்ள புத்தகம்) ஒன்று வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள். கொலைக்கான தண்டனை இப்போது 103. பழக்க தோஷத்தில் ஐ.பி.சி.யின் 302 என்ற எண்ணைச் சொன்னால், புதுச் சட்டத்தில் அது மத உணர்வைப் புண்படுத்தும்படி பேசுவது! எண் மட்டும் மாறவில்லை. கவனக்குறைவால் சாவு ஏற்படுத்தியதற்கு ஐ.பி.சி. 304ஏ-யில் அதிகபட்சம் 2 வருஷம். புதிய 106(1)-ல் 5. மருத்துவச் சிகிச்சையின்போது டாக்டர் செய்த தவறென்றால் மட்டும் 2. இதெல்லாம் தாத்தா புத்தகத்தில் கிடைக்காது.

ஓரத்தில் அவர் பென்சிலால் ஏதாவது குறித்து வைத்திருந்தால், அடிக்குறிப்புக்கு முன்னால் அதைப் படி.