ஷீட்டுக் கூரை வீடு புயலுக்குத் தாங்க என்ன செய்ய வேண்டும்?

கடலோர ஊரில் சிமெண்ட் ஷீட்டு போட்டுப் புதிதாக வீடு கட்டப்போகிறோம், கூரை பறக்காமல் இருக்க என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு வேதாரண்யம் பக்கம். 2018 நவம்பர் 16, நடு இரவு தாண்டி கஜா புயல் கரையேறியபோது எங்கள் தெருவில் கூரை தங்கிய வீடுகள் குறைச்சல்.

கூரை பாரமாக இருந்தால் போதும் என்று நினைத்து மேலே செங்கல்லும் கருங்கல்லும் அடுக்குவார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், காற்றில் அது யார் தலையிலாவது விழும். புயல்காற்று கூரையை மேலே இழுக்கிறது. கதவோ சன்னலோ திறந்துகொண்டால் உள்ளே புகுந்த காற்றும் கீழேயிருந்து தள்ளும். ஷீட்டை ஜே ஹூக் (J வடிவ இரும்புக் கொக்கி) போட்டு, அதைத் தாங்கும் கூரைச் சட்டத்தில் இறுக்கிவிடுகிறார்கள், சரி, ஆனால் அந்தச் சட்டம் சுவர் மேல் கொஞ்சம் கலவையில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. கஜாவில் பல வீடுகளில் ஷீட்டு சட்டத்தை விடவே இல்லை, சட்டத்தோடு சேர்ந்தே தூக்கிக்கொண்டு போனது. அதனால் கொத்தனாரிடம் முதலிலேயே சொல்லுங்கள்: சுவர் உச்சியில் சுற்றிலும் கம்பி கட்டி ஒரு கான்கிரீட் பெல்ட், அதற்குள் புதைத்த இரும்புப் பட்டை ஒவ்வொரு சட்டத்தையும் சுற்றி வந்து போல்ட்டில் முடிய வேண்டும். ஓரங்களிலும் முகட்டிலும்தான் இழுப்பு அதிகம், அங்கே ஹூக்கை நெருக்கமாகப் போடுங்கள். தாழ்வாரம் ஒன்றரை அடிக்கு மேல் நீட்ட வேண்டாம். திண்ணைக் கூரையைத் தனியாக நிறுத்துங்கள், போனால் அது மட்டும் போகட்டும். முடிந்தால் நாலு பக்கமும் சரிவு வையுங்கள், செலவு கொஞ்சம் கூடும்.

இவ்வளவு செய்தாலும் பெரிய புயல் அறிவித்தால் ஷீட்டு வீட்டில் தங்காதீர்கள், வெளிச்சம் இருக்கும்போதே பள்ளிக்கூடத்துக்கோ புயல் பாதுகாப்பு மையத்துக்கோ போய்விடுங்கள். புயலின் கண், அதாவது நடுவில் இருக்கும் அமைதியான பகுதி, ஊரைக் கடக்கும்போது காற்று சட்டென்று அடங்கும், முடிந்துவிட்டது என்று மாட்டைப் பார்க்க ஓடுவார்கள். வடக்கிலிருந்து அடித்த காற்று அப்புறம் தெற்கிலிருந்து திரும்பி வரும், முதல் அடியில் தளர்ந்ததெல்லாம் அப்போதுதான் விழும். ஆடுமாட்டை முன்னாடியே அவிழ்த்து மேட்டில் விடுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், பட்டா மூன்றையும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கையோடு எடுத்துப் போங்கள், வீட்டைப் போட்டோவும் எடுத்து வையுங்கள், நிவாரணக் கணக்கெடுப்பில் உதவும்.

இன்னொன்று. எங்கள் ஊரில் பெண்கள் பலர் முகாமுக்கு வர மறுத்தது பிடிவாதத்தால் இல்லை, கழிப்பறைக்குத் தாழ்ப்பாளும் தண்ணீரும் இல்லாததால்தான். உங்கள் ஊர் மையத்தில் அது எப்படி இருக்கிறது என்று ஐப்பசிக்கு முன்னாலேயே போய்ப் பார்த்து, சரியில்லை என்றால் கிராம சபையில் எழுதிக் கொடுங்கள்.