சீனச்சட்டி இருக்க ஓவன் எதற்கு?

கேள்வி: லீவு விட்டதிலிருந்து பிள்ளைகள் இருவரும் பிஸ்கட், கேக் என்று நச்சரிக்கிறார்கள். ஓவன் வாங்கலாமா, இல்லை கேக் மிக்ஸ் பாக்கெட் வாங்கிக் குக்கரில் செய்தால் போதுமா? எது லாபம்? (வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். மிக்ஸ் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். எடையில் எது அதிகமோ அதை முதலில் அச்சிட வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் முதல் இரண்டு பெயர் மைதாவும் சீனியும்தான். எண்ணெயும், பல மிக்ஸ்களுக்கு முட்டையும், நீங்கள்தான் போட வேண்டும். விலைக்குப் பக்கத்தில் ஒரு கிராம் என்ன விலை என்று பொடி எழுத்தில் இருக்கும். அதை ஆயிரத்தால் பெருக்கி, உங்கள் பலசரக்குக் கடை அண்ணாச்சியின் மைதா, சீனி விலையோடு ஒப்பிட்டால் விஷயம் புரிந்துவிடும்.

நெய் பிஸ்கட்டில் ஆரம்பியுங்கள். மைதா 200 கிராம், பொடித்த சீனி 100, நெய் 100, இரண்டு ஏலக்காய், ஆப்பச்சோடாவும் உப்பும் ஒவ்வொரு சிட்டிகை. மைதாவில் இரண்டு ஸ்பூன் குறைத்துக் கடலைமாவு சேர்த்தால் வாசம் தூக்கும். நெய்யையும் சீனியையும் வெளுக்கும்வரை கையால் தேய்த்த பிறகு மாவைப் போடுங்கள். தண்ணீர் ஒரு சொட்டுகூட வேண்டாம். உருட்டும்போது விண்டால் இன்னும் ஒரு ஸ்பூன் நெய்.

கனத்த சீனச்சட்டியில் ஒரு விரல் உயரத்துக்குக் கல்லுப்பைப் பரப்பி (தூத்துக்குடி பக்கத்தில் இருக்கும்போது உப்புக்கா பஞ்சம்?), ஒரு வளையம் வைத்து, மூடிப் பத்து நிமிடம் காயவிடுங்கள். அப்புறம் பிஸ்கட் அடுக்கிய தட்டை வளையத்தின்மேல் இறக்கி, சிம்மில் இருபது, இருபத்தைந்து நிமிடம். அடி லேசாகச் சிவந்திருந்தால் வெந்துவிட்டது. எடுக்கும்போது பிஸ்கட் மெதுமெதுவென்றுதான் இருக்கும். வேகவில்லை என்று நினைத்து மறுபடி உள்ளே வைத்து, ஒரு ஈடு முழுவதையும் கருக்கியவள் நான். ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும். அந்த உப்பு குழம்புக்கு ஆகாது. தனி டப்பாவில் வைத்தால் அடுத்த தடவைக்கு உதவும். நான்ஸ்டிக் சட்டியை வெறுமனே காயவிடக் கூடாது. குக்கரையும் தண்ணீரில்லாமல் அடுப்பேற்றாமல் இருப்பதே அதன் ஆயுளுக்கு நல்லது.

இரண்டு மாதம் கழித்தும் ஆசை மிச்சமிருந்தால் ஓடிஜி (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த மின் அடுப்பு) பாருங்கள். 1200 வாட் ஓடிஜி முக்கால் மணி நேரம் விடாமல் ஓடினாலும் ஒரு யூனிட்டுக்குள்தான், கரண்டு பில்லுக்குப் பயப்பட வேண்டாம். 2000 வாட் என்றால் பெரிய பவர் பிளக் பாயிண்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிரில் இல்லாத சோலோ மைக்ரோவேவைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அதில் பிஸ்கட் சிவக்காது.

கேள்வி: பேக்கிங் பவுடர் வாங்கிச் செய்த கேக், தோசை மாதிரி படுத்துவிட்டது. டப்பாவைத் திருப்பி வாங்க மாட்டேன் என்கிறார் கடைக்காரர். புகார் செய்யலாமா? (வாசகர், அம்பாசமுத்திரம்)

பதில்: முதலில் அரை ஸ்பூன் பவுடரைக் கொதிநீரில் போட்டுப் பாருங்கள். சுர்ரென்று நுரைத்தால் பவுடர்மேல் குற்றமில்லை. சோடா கேட்கும் இடத்தில் அதே அளவு பவுடரைப் போட்டீர்களோ? ஒரு கப் மைதாவுக்குச் சோடா கால் ஸ்பூன் போதும், ஆனால் தயிரோ எலுமிச்சையோ துணைக்கு வேண்டும். பவுடரில் புளிப்பு உள்ளேயே இருக்கிறது. ஆனால் ஒரு ஸ்பூன் போட வேண்டும். கலந்த மாவைக் காக்கவைத்தாலும் வாயு போய்விடும்.

நுரைக்கவில்லை என்றால் டப்பாவில் தேதியைப் பாருங்கள். கெடு முடிந்ததை விற்றிருந்தால் பில்லோடு போய்க் கேளுங்கள், பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில் வாங்கவில்லையா? அப்போது சிரமம்தான். இனி சின்ன டப்பாவாக வாங்குங்கள், ஈர ஸ்பூனை உள்ளே விடாதீர்கள்.

கேள்வி: நெய்க்குப் பதில் டால்டா போடலாமா? (வாசகி, தென்காசி)

பதில்: போடலாம். டால்டா என்பது வனஸ்பதிதான். 2022 ஜனவரி முதல் வனஸ்பதியில், இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சீல் வைத்த பாக்கெட்டாகவே வாங்குங்கள், சில்லறையில் வேண்டாம். பாதி நெய், பாதி வனஸ்பதி போட்டு ஒருமுறை செய்தேன். வாசம் குறைவுதான், ஆனால் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.