வடகடலில் முதல் நாள்

வணக்கம் சார்,

நாற்பத்தொரு வயதில் முதல்முறையாகத் தனியாக ஒரு பயணம் போனேன். ஆடி மாதம், மூன்று நாள் விடுப்பு. உச்சிப்புளியிலிருந்து உள்ளே போகும் ரோட்டில், கடலை ஒட்டி ஒரு ரிசார்ட். அமைதியான கடற்கரை என்று போட்டிருந்தார்கள். ராத்திரி பஸ்ஸில் மதுரை, அங்கிருந்து ராமநாதபுரம், அப்புறம் ஆட்டோ. பதினோரு மணிக்கே போய்விட்டேன். அறை இரண்டு மணிக்குத்தான் என்றார்கள். பையை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன்.

கடலில் அலையே இல்லை. எங்கள் ஊர் வாலாங்குளம் மாதிரி கிடந்தது. கரை முழுக்கப் பழுப்பு நிறத்தில் ரிப்பன் ரிப்பனாக ஏதோ ஒதுங்கி அழுகிக் கிடந்தது. ஒரே நாற்றம். ஆட்டோக்காரர், ரிசப்ஷன் பையன், சமையல்கார அம்மா, வாட்ச்மேன், நாலு பேரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "தனியாவா வந்திருக்கீங்க?" ரிசப்ஷன் பையன் கூடுதலாக "சார் அப்புறம் வருவாங்களா மேடம்?" என்றும் கேட்டான். அறையிலேயே பன்னீர் பட்டர் மசாலா வரவழைத்துச் சாப்பிட்டுப் படுத்தேன். ராத்திரி மூன்று மணிக்குக் கடல் பக்கம் இன்ஜின் சத்தம், தூரத்தில் விளக்குகள். கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். காலையில் முதல் வேலையாகக் கிளம்பிவிட்டேன். மீதி இரண்டு நாள் பணம் போனது போனதுதான்.

அந்தக் கரையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் போனேன். இடம் சரியில்லையா, நான் சரியில்லையா? பேசாமல் தனுஷ்கோடிக்கே போயிருக்கலாமோ?

ஆர்., கோவை

*

அன்புள்ள ஆர்.,

என் எழுத்தை நம்பிப் போய் அவதிப்பட்டிருக்கிறீர்கள். அதில் எனக்குப் பங்கு உண்டு. யோசித்துப் பார்த்தால், அந்தக் கரையைப் பற்றி நான் எழுதியதெல்லாம் இரண்டாம் நாளிலிருந்துதான் தொடங்குகிறது. பஸ் அலுப்பு, பூட்டிய அறை, மடியில் பை, இதையெல்லாம் நானும் விட்டுவிட்டேன்.

முதலில் அலை விஷயம். நீங்கள் பார்த்தது பாக் நீரிணைப் பக்கத்துக் கடல். உள்ளூரில் வடகடல் என்பார்கள். ஒரு பக்கம் நம் கரை, எதிரே யாழ்ப்பாணம், தெற்கே ராமேஸ்வரம் தீவும் அதைத் தாண்டி மணல் திட்டுகளும் என்று மூன்று பக்கமும் வளைத்துக் கட்டிய கடல் அது. பெரும்பாலான இடங்களில் நாலு மாடி வீட்டின் உயரம்கூட ஆழம் கிடையாது. வெளிக்கடலின் பெரிய அலை உள்ளே நுழைய வழியில்லை. அதிலும் நீங்கள் போனது ஆடியில். அப்போது அடிப்பது கச்சான் காற்று. அது தென்மேற்கிலிருந்து நிலத்தைக் கடந்து வந்து வடகடலைத் தட்டையாக்கிவிடும். அதே நாளில் மண்டபத்தில் இறங்கி, வடக்குக் கரையிலிருந்து தெற்குக் கரைக்கு நடந்திருந்தால், ஆமாம், நடந்தே போய்விடலாம், மன்னார் வளைகுடா கொதித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் இது அப்படியே தலைகீழ். வாடை பிறந்ததும் வடகடல் சீறும், தென்கடல் படுத்துவிடும். வடகடலைப் பெண் கடல், தென்கடலை ஆண் கடல் என்று சொல்கிற ஒரு பேச்சு அங்கே உண்டு. கார்த்திகையில் பெண் கடலில் படகு விட்டவர்களிடம் அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

அந்த ரிப்பன், கடற்புல். பாசி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள், ஆனால் இது வேர் விட்டு, பூப் பூக்கிற நிஜமான புல். ஆழமில்லாத, வெயில் தரைவரை இறங்குகிற கடலில்தான் வளரும். வடகடலின் அடியில் வயல் வயலாக இருக்கிறது. இதைத் தின்றுதான் கடல்பசு உயிர் வாழ்கிறது. ஆவுளியா என்பார்கள் மீனவர்கள். ஒரு காலத்தில் கறிக்காகப் பிடித்ததுதான், இப்போது தொட்டால் ஜெயில். இதே கடலில் கொஞ்சம் வடக்கே, தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுக் காப்பகமாக 2022-ல் அரசு அறிவித்தது. கரையில் புல் ஒதுங்குகிறது என்றால் உள்ளே வயல் இருக்கிறது என்று அர்த்தம். நாற்றம் நாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் தினமும் காலையில் ஆள் வைத்து வாரி, பளபளவென்று வைத்திருக்கிற ரிசார்ட்டுகளைவிட, உங்களுடைய சோம்பேறி ரிசார்ட் எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்போது அந்த "தனியாவா" கேள்விக்கு வருகிறேன். உங்களை விரட்டியது அலையோ புல்லோ இல்லை, அதுதான் என்று நினைக்கிறேன்.

ரிசப்ஷன் பையனுக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. அவனுக்கு வேண்டியது அடையாள அட்டையும் அட்வான்ஸும். "சார் வருவாங்களா" என்பது அவன் கேட்க வேண்டிய கேள்வி இல்லை. மற்ற மூன்று பேரையும் அவனோடு சேர்த்துவிட்டீர்கள், அங்கேதான் எனக்கு வேறு தோன்றுகிறது.

தொண்ணூறுகளில் ராமநாதபுரத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு தேவிபட்டினம் பக்கம் போய்க் கரையில் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் காலை ஒரு வல்லம், சின்ன மீன்பிடிப் படகு, வந்தது. நாலு பேர் போன வல்லம். தூரத்தில் வரும்போது மூன்று தலைதான் தெரிந்தது. கரையில் கூடையோடு நின்ற ஒரு அம்மா பேச்சை நிறுத்திவிட்டார். எழுந்து முழங்கால் தண்ணீர்வரை போனார். சேலையை இடுப்பில் செருகக்கூட இல்லை, நனைந்துகொண்டே நின்றார். இன்ஜின் சத்தத்தை மீறி மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், மூன்று தடவை. நாலாவது ஆள் வலைக்குவியலுக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறான். தலையைத் தூக்கிப் பார்த்தான். அந்த அம்மா கரைக்குத் திரும்பி வந்தார். வந்ததும் அவனை வைது தீர்த்த வசவு ஒன்றையும் இங்கே எழுத முடியாது. அப்புறம்தான் கூடையை எடுத்தார்.

அங்கே படகு கரையேறினால் முதலில் ஆளை எண்ணுவார்கள், மீன் அப்புறம். 1974-ல் கடலின் நடுவே இந்தியா-இலங்கை எல்லைக்கோடு வந்ததற்குப் பிறகு எண்ணுவதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. பெரும்பாலும் யாரும் அங்கே தனியாகக் கடலுக்குப் போவதில்லை. பாம்பன் பக்கத்துப் பெண்கள், விரலில் துணி சுற்றிக்கொண்டு, ஒரு கண்ணாடியை மட்டும் மாட்டிக்கொண்டு முங்கிக் கடற்பாசி எடுப்பவர்கள், என்னைப்போல் பத்துப் பேரின் தைரியம் உள்ளவர்கள், அவர்களும் கூட்டமாகத்தான் போகிறார்கள். அந்த ஊரில் தனியாக ஒருவர் கண்ணில் பட்டால் "மற்றவர்கள் எங்கே?" என்பது தானாக வாயில் வரும். சமையல்கார அம்மா கேட்டது அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆமாம் என்று சொல்லிவிட்டு, "உங்க வீட்டுல கடலுக்குப் போறாங்களா?" என்று நீங்கள் திருப்பிக் கேட்டிருந்தால் பன்னீர் பட்டர் மசாலா வந்திருக்காது. அந்தக் கடலின் நீல நண்டு சதை எடுத்து டப்பாவில் அடைபட்டு அமெரிக்கா வரைக்கும் போகிறது. நீங்கள் இருநூறு அடி தள்ளி உட்கார்ந்து பன்னீர் சாப்பிட்டிருக்கிறீர்கள். சைவம் என்றால் மன்னித்துவிடுங்கள்.

மூன்று மணி இன்ஜின் சத்தமும் அதே கணக்குதான். முந்தின நாள் மாலை விரித்த நண்டு வலையை எடுக்கப் போகிற நாட்டுப்படகுகள் அந்த நேரத்தில்தான் கிளம்பும். விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்று அந்தக் கடலில் முறை வைத்திருக்கிறார்கள். நீங்கள் படுத்த ராத்திரி நாட்டுப்படகின் முறையாக இருந்திருக்கலாம். பகல் பதினோரு மணிக்கு நீங்கள் பார்த்த அமைதி, அவர்கள் வேலை முடித்துத் தூங்குகிற நேரம். ரிசார்ட் அதற்கு வாடகை வாங்குகிறது, அவ்வளவுதான். நாற்காலியை முட்டுக் கொடுத்ததில் தப்பே இல்லை. தனியாகப் போகிற பெண் பயப்படக் கூடாது என்று சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? ஆனால் விடிந்ததும் பையை எடுக்காமல் அந்த விளக்குகள் வந்த திசையில் நூறு அடி நடந்திருக்கலாம். வலையைப் பரப்பி வைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்திருப்பார்கள்.

தனுஷ்கோடி? போகலாம். 1964 டிசம்பர் புயலில் போன ஊர், இடிந்த சர்ச்சும் ரயில் நிலையமும் இருக்கின்றன, கடைசி முனையான அரிச்சல்முனை வரை ரோடு போட்டுவிட்டார்கள். அலை வேண்டுமென்றால் நிறைய இருக்கிறது, கூட்டமும் வேனும் அதைவிட நிறைய. உங்களுக்கு நான் சொல்வது, பழைய இடத்துக்கே திரும்பப் போங்கள். மாசி, பங்குனியில் போங்கள், காற்று இரண்டு பக்கமும் அடங்கியிருக்கும். மாலை நாலு மணிக்குப் போய்ச் சேர்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள், அறைக்காக வராந்தாவில் காத்திருக்க வேண்டாம்.

ஒன்று மட்டும். அந்தக் கடலில் இறங்கினால் காலைத் தூக்கி வைத்து நடக்காதீர்கள், மணலோடு தேய்த்து இழுத்து நடங்கள். ஆழமில்லாத தண்ணீரில் திருக்கை மணலுக்குள் புதைந்து படுத்திருக்கும். மிதித்தால்தான் வாலால் அடிக்கும். கால் வருவது தெரிந்தால் அதுவே எழுந்து போய்விடும்.